சாவி திரும்பும், கார் கிளம்பாது

உப்புக் காற்றும் ஓயாத மழையும் உள்ள அந்தமானில் கார் மக்கர் செய்தால் கப்பல் போய்விடும், கான்வாயும் போய்விடும். கோளாறு எங்கே என்பதைக் காதால் கேட்டே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

அந்தமானில் பொழுது சீக்கிரம் விடிந்துவிடுகிறது. தெற்கு அந்தமானின் ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலோ அதற்கும் முன்பே வண்டிகள் வரிசை கட்டிவிடுகின்றன. பேருந்துகள், லாரிகள், சுற்றுலா டாக்ஸிகள், குடும்பத்தோடு வந்த சொந்தக் கார்கள். காலை ஆறு மணிக்கு முதல் கான்வாய். அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லை. ஓட்டுநர்கள் டீ குடிக்கிறார்கள். காருக்குள் இருப்பவர்கள் பாட்டு கேட்கிறார்கள், செல்போனுக்கு சார்ஜ் ஏற்றுகிறார்கள், உள்விளக்கை எரியவிட்டுக் குழந்தைக்குப் பால் கலக்கிறார்கள். எஞ்சின் அணைந்திருக்கிறது. இத்தனைக்கும் படியளப்பது பேட்டரி ஒன்றுதான்.

தடுப்பு உயர்ந்ததும் எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமுகின்றன. அந்த நேரம் பார்த்து ஒரு காரிலிருந்து மட்டும் 'டிக்' என்று ஒற்றைச் சத்தம் வந்தால், அந்தக் குடும்பத்தின் அன்றைய பயணத் திட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது. கான்வாய் நாளொன்றுக்குச் சில முறைதான். அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாராட்டாங் சுண்ணாம்புக் குகைகளைப் பார்க்கக் கிளம்பிய சுற்றுலாக்காரருக்கு அது ஏமாற்றம், அவ்வளவுதான். எதிர்த்திசையில், ரங்கத்திலிருந்தோ மாயாபந்தரிலிருந்தோ நோயாளியை ஏற்றிக்கொண்டு தலைநகரின் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனைக்குக் கிளம்பியவருக்கும், சென்னை விமானத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருப்பவருக்கும் விஷயமே வேறு.

போர்ட் பிளேர் என்று எல்லோரும் அறிந்த அந்தத் தலைநகருக்கு 2024 செப்டம்பரில் மத்திய அரசு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியது. அங்கிருந்து வடக்கே டிக்லிபூர் வரை முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அந்தமான் டிரங்க் சாலையில் ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரையிலான சுமார் 49 கிலோமீட்டர், ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காட்டின் ஊடாகச் செல்கிறது. அங்கே தனியாக ஒரு வண்டி போக முடியாது. போலீஸ் காவலோடு, வரிசையாக, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாமல்தான் போகலாம். முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, ஜாரவாக்களுக்குத் தின்பண்டம் எதுவும் கொடுக்கக் கூடாது.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஜாரவாக்கள் 380 பேர். 1997, 98 வாக்கில்தான் அவர்கள் பகைமை விட்டுக் காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999-இலும் 2006-இலும் அவர்களிடையே தட்டம்மை பரவியது. வெளியார் கொண்டுவரும் சாதாரணக் காய்ச்சல்கூட இத்தனை சிறிய சமூகத்துக்குப் பேராபத்து. அந்தப் பகுதியில் சாலையையே மூடும்படி 2002-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் காட்சியை 2012 ஜனவரியில் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை வெளியிட்டபோது நாடே தலைகுனிந்தது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் அதே ஆண்டு திருத்தப்பட்டுத் தண்டனை கடுமையாக்கப்பட்டது. 2013 ஜனவரியில் சுற்றுலாக்காரர்களுக்கு உச்ச நீதிமன்றம் விதித்த இடைக்காலத் தடை மார்ச்சில் நீங்கியது. வாதம் ஓயவில்லை, போக்குவரத்தும் ஓயவில்லை.

ஆக, நாட்டிலேயே பழுதாகி நிற்கக் கூடாத 49 கிலோமீட்டர் என்று ஒன்றைச் சொல்வதானால் அது இதுதான். ஆனால் கார்களைப் படுக்க வைப்பதற்கு நாட்டிலேயே மிகவும் வசதியான தட்பவெப்பமும் இங்கேதான் இருக்கிறது என்பது வேடிக்கை.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. போர்ட் பிளேரில் அது 3,000-ஐ ஒட்டி. தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. எந்த இடமும் கடலிலிருந்து வெகு தூரம் இல்லையாதலால் அந்த ஈரத்தில் உப்பும் இருக்கிறது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் உலோகத்துக்கு எமன். கதவின் அடிவிளிம்பில் துரு பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். பேட்டரியின் முனையில், எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கும் 'எர்த்' கம்பியின் போல்ட்டுக்கு அடியில், ஃபியூஸ் பெட்டியின் செப்புத் தகட்டில் பிடிக்கும் துரு கண்ணுக்குத் தெரியாது. அது ஒருநாள் காலை சாவியைத் திருப்பும்போதுதான் தெரியவரும்.

"லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ஆனால் செல்ஃப் எடுக்கவில்லை" என்று காரோட்டிகள் குழம்புவது இதனால்தான். ஒரு சிறு கணக்கு போட்டால் விளங்கிவிடும். டாஷ்போர்டு விளக்குக்கும் ஹாரனுக்கும் வேண்டியது சில ஆம்பியர் மின்சாரம். எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாரோ நூறு, நூற்றைம்பது ஆம்பியர் கேட்கும். பேட்டரி முனையில் படிந்த பூஞ்சை 0.02 ஓம் தடையை உண்டாக்குகிறது என்று வையுங்கள். மிக அற்பமான தடை. ஆனால் 150 ஆம்பியர் அதன் வழியே பாயும்போது 3 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். 12 வோல்ட்டில் மிஞ்சுவது 9. அதை வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டர் முனகும், அல்லது வெறுமனே 'டிக்' என்னும். பேட்டரி மேல் பழி போட்டுப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினால், மாட்டும்போது முனைகளைச் சுரண்டித் துடைப்பார்கள் அல்லவா, அதனால் கார் கிளம்பிவிடும். பழைய பேட்டரிமேல் குற்றமே இருந்திருக்காது. இப்படி வீணாகத் தூக்கியெறியப்படும் பேட்டரிகள் தீவுகளில் மட்டுமல்ல, தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் மும்பையின் கடலோரக் குடியிருப்புகளிலும் உண்டு.

அனுபவமுள்ள மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன் காதைத்தான் திறக்கிறார். சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை, டாஷ்போர்டில் விளக்கும் இல்லை என்றால் பேட்டரி அடியோடு இறங்கியிருக்க வேண்டும், அல்லது அதன் இணைப்பு கழன்றிருக்க வேண்டும். 'டக் டக் டக்' என்று வேகமாகத் தட்டுகிற சத்தம் வந்தால் பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருக்கிறது, எஞ்சினைச் சுழற்றும் அளவுக்கு இல்லை. விளக்குகள் பிரகாசமாக இருந்து 'டிக்' என்று ஒருமுறை மட்டும் கேட்டால் சந்தேகம் ஸ்டார்ட்டர் பக்கம் போகிறது. 'கிர்ர்... கிர்ர்' என்று எஞ்சின் தாராளமாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடலாம். அங்கே குறை எரிபொருளிலோ தீப்பொறியிலோ.

கருவி எதுவும் இல்லாமலே இன்னொரு சோதனை செய்யலாம். முன்விளக்குகளைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். விளக்கு அணைவதுபோல் மங்கினால் பேட்டரி அல்லது இணைப்பு. கொஞ்சமும் மங்காமல் எரிந்தால் ஸ்டார்ட்டர் வரை மின்சாரமே போகவில்லை. அப்போது எளிய விஷயங்களை முதலில் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் 'பி' அல்லது 'என்' நிலையில் இல்லாவிட்டால் கிளம்பாது. சில கார்களில் கிளட்ச்சை முழுவதும் மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும், காலடியில் மடிந்து கிடக்கும் ரப்பர் விரிப்பு அதைத் தடுத்திருக்கக்கூடும். டாஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் மினுக்கினால் சாவிக்குள் இருக்கும் சிப்பைக் கார் அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று பொருள், மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்க்கலாம். பொத்தானை அமுக்கிக் கிளப்பும் காரில் ரிமோட்டின் பொட்டு பேட்டரி தீர்ந்திருந்தால், பல மாடல்களில் ரிமோட்டையே அந்தப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அமுக்கினால் வேலை செய்யும். நகரப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பணம் கொடுத்துவிட்டு வந்த பிறகு இதைத் தெரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர்.

முனை சுத்தம் செய்வது பெரிய வித்தை இல்லை. நீலமும் வெள்ளையுமாகப் படிந்திருக்கும் பொடியை வெந்நீரும் சமையல் சோடாவும் ஊற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காய்ந்ததும் இறுக்கிவிட்டு மேலே வாசலின் தடவ வேண்டும். உப்புக் காற்று உள்ளே போகாமல் அந்த மெல்லிய படலம் தடுக்கும். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கும் பழக்கம் தீவுத் தமிழர்களிடமும் உண்டு. பானெட்டுக்கு உள்ளேயும் அன்று ஒரு கை பார்த்தால் புண்ணியம்தான்.

நல்ல பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்கு அருகே வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை, அதன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். வெப்பமான ஊர்களில் மூன்று, நான்கு வருடத்துக்கு மேல் பேட்டரியை நம்புவது துணிச்சல். தீவுகளில் இன்னொரு சிக்கல், ஓட்டம் குறைவு. வீட்டுக்கும் கடைவீதிக்குமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் போய்வரும் கார், கிளம்புவதற்குச் செலவழித்த சார்ஜைத் திரும்பச் சேர்ப்பதற்குள் அணைக்கப்பட்டுவிடுகிறது. சென்னைக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறவரின் கார் கிளம்பாததில் ஆச்சரியமே இல்லை. கிளம்பும்போது நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

இறங்கிய பேட்டரிக்கு அடுத்த காரிலிருந்து உயிர் கொடுப்பது சுலபம், ஒழுங்காகச் செய்தால். சிவப்புக் கம்பியை முதலில் இறந்த பேட்டரியின் பாசிட்டிவ்வில், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவ்வில் மாட்ட வேண்டும். கறுப்புக் கம்பி நல்ல பேட்டரியின் நெகட்டிவ்வுக்கு. அதன் மறுமுனையை இறந்த பேட்டரியில் மாட்டக் கூடாது. அந்தக் காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஓர் உலோகப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசிந்துகொண்டிருக்கும். இரண்டும் சந்திக்கக் கூடாது. கிளம்பிய பிறகு அரை மணி நேரமாவது அணைக்காமல் ஓட்டுவது நல்லது.

நம்மூர் மருந்தான 'தள்ளு ஸ்டார்ட்' இன்னும் செத்துவிடவில்லை. இரண்டாவது கியர், கிளட்ச்சை மிதித்துக்கொண்டு நாலு பேர் தள்ளி, வேகம் எடுத்ததும் கிளட்ச்சைச் சட்டென்று விட வேண்டும். அம்பாசடர் காலத்தில் இது கைகண்ட வைத்தியம். இன்றைய கார்களில் எரிபொருள் பம்பும் கணினியும் மின்சாரத்தில் இயங்குவதால் பேட்டரி அடியோடு செத்திருந்தால் எத்தனை தூரம் தள்ளினாலும் பயனில்லை. ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளிக் கிளப்ப முடியாது. கைப்பிடி போட்டு முன்பக்கம் சுழற்றும் கலையோ மறைந்தே போய்விட்டது. 1912-இல் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் காடிலாக் கார்களில் வந்தபோதே அதற்கு முடிவு எழுதப்பட்டுவிட்டாலும், 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் நீண்ட காலம் அந்தக் கைப்பிடியைக் கைவிடவில்லை. எதிர்த்து உதைத்து மணிக்கட்டை ஒடிக்கும் என்றாலும், அவசரத்துக்கு உதவியது.

எஞ்சின் சுழல்கிறது, பற்றவில்லை. முதலில் பெட்ரோல் முள். சிரிக்க வேண்டாம், பழைய வண்டிகளில் முள் பொய் சொல்லும். சாவியை 'ஆன்' நிலையில் வைத்ததும் பின்சீட்டுப் பக்கமிருந்து இரண்டு வினாடி 'ம்ம்ம்' என்று பம்பு முனகும் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்பு என்று பார்க்க வேண்டும். ஃபியூஸ் பெட்டி மூடியிலேயே எது எதற்கு என்று அச்சிட்டிருக்கும். பெட்டியில் ஒன்றிரண்டு உபரி ஃபியூஸ் வைத்திருப்பது செலவில்லாத காப்பீடு. பழைய மாருதி 800 போன்ற கார்களில் அடைமழைக்குப் பிறகு டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள்ளும் பிளக் வயர்களிலும் ஈரம் இறங்கித் தீப்பொறி திசைமாறிவிடும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். டீசல் வண்டிக்கு எதிரி எரிபொருளில் கலக்கும் தண்ணீர். பாதி காலியான டாங்கில் ஈரக்காற்று குளிர்ந்து துளித்துளியாகச் சேர்கிறது. ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிட வேண்டும். டாங்கு வறளும்வரை ஓட்டிய டீசல் வண்டியில் காற்று அடைத்துக்கொள்ளும், நிரப்பிய பிறகும் கைப்பம்பை அமுக்கிக் காற்றை வெளியேற்றினால்தான் கிளம்பும். எதுவானாலும் பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்கக் கூடாது. அரை நிமிடம் ஓய்வு கொடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தால், நன்றாக இருக்கும் ஸ்டார்ட்டரும் பேட்டரியும் சேர்ந்து போகும்.

கிளப்பவே கூடாத ஒரு நிலையும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி மட்டுமல்ல, நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரையே சுமார் ஒரு மீட்டர் இறங்கியது. சிப்பிகாட் போன்ற தாழ்ந்த பகுதிகளில் கடல்நீர் புகுந்து வடியாமலே தங்கிவிட்டது. நீரில் மூழ்கிய வண்டியைத் தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் சாவி போட்டுப் பார்ப்பது மனித இயல்பு. அதுதான் எஞ்சினுக்குச் சாவுமணி. சிலிண்டருக்குள் காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் மோதிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் சென்னைக்காரர்கள் இதே பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்தார்கள். அப்படிக் கிளப்பியதால் வரும் சேதத்துக்கு, எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்து வாங்காத சாதாரண பாலிசியில் பொதுவாக இழப்பீடு கிடைப்பதில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டியை இழுத்துப் போவது ஒன்றே வழி. வெள்ளநீரைவிடக் கடல்நீர் கொடியது. காய்ந்த பிறகும் உப்பு மிஞ்சி மாதக்கணக்கில் வயர்களை அரித்துக்கொண்டிருக்கும்.

இத்தனையும் எந்த ஊருக்கும் பொருந்தும். தீவுக்கே உரிய தொல்லை உதிரிபாகம். சென்னையிலிருந்து கடல் வழி 1,200 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, கப்பல் ஏறக்குறைய மூன்று நாள் எடுக்கும். புயல் சின்னம் உருவானால் கப்பலும் கிளம்பாது. மெயின்லாந்தில் மாலைக்குள் கிடைக்கிற சென்சார் ஒன்றுக்காக இங்கே காரை வாரக்கணக்கில் ஓரம் கட்ட நேரலாம். அதனால் தீவு மெக்கானிக்குகள் மாற்றுவதைவிடப் பழுது பார்ப்பதில் கைதேர்ந்தவர்கள். ஸ்டார்ட்டரைப் பிரித்துத் தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மட்டும் மாற்றி மூடுவது போன்ற வேலை சென்னையில் அருகி வருகிறது, இங்கே அன்றாடம்.

வடக்கே போகிறவர்கள் முதல்நாள் மாலையிலேயே செய்ய வேண்டியது அதிகமில்லை. முனைகளை அசைத்துப் பார்ப்பது, டாங்கை நிரப்புவது, ஜம்ப்பர் கேபிளும் பத்தாம் நம்பர் ஸ்பானரும் உள்ளே இருக்கின்றனவா என்று பார்ப்பது, எஞ்சினை இருமுறை அணைத்துக் கிளப்பிச் செல்ஃப் சோம்புகிறதா என்று கேட்பது. ஜிர்காடாங்கில் காத்திருக்கும்போது விளக்கையும் பாட்டையும் நிறுத்திவிடுவது. சந்தேகம் வந்தால் அங்கேயே விலகிக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம். ரங்கத்துக்கும் டிக்லிபூர்ப் பக்கத்துக்கும் அரசுப் பேருந்து இருக்கிறது, கப்பலும் இருக்கிறது.

அதையும் மீறிக் காட்டுக்குள் எஞ்சின் நின்றுவிட்டால்? இடப்பக்கம் ஒதுங்கி அபாய விளக்கைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருக்க வேண்டும். கான்வாயில் வரும் போலீஸாருக்குத் தெரிவித்து அவர்கள் சொன்னபடி நடக்க வேண்டும். இறங்கிப் பானெட்டைத் தூக்கி, அப்படியே கையோடு கொண்டுவந்த பிஸ்கட்டையும் கேமராவையும் வெளியே எடுக்கும் இடம் அது அல்ல. வேறு சாலையில் அது வெறும் தாமதம். இங்கே நம் தும்மலும் ஓர் ஆயுதம். அப்போது மரங்களுக்கிடையே ஜாரவாக்கள் யாராவது வந்து நின்றால், அவர்கள் நிற்பது அவர்கள் வீட்டில், நின்றுபோனது நம் வண்டி என்ற நினைப்பு இருந்தால் போதும்.

மிடில் ஸ்ட்ரெய்ட் வந்துவிட்டால் காடு முடிகிறது. வண்டிகள் ஒவ்வொன்றாகப் படகில் ஏறி நெருக்கியடித்து நிற்க, எஞ்சின்கள் அணைகின்றன. கழிமுகத்து அலையாத்திக் காடுகளைப் பார்த்தபடி சற்று நேரப் பயணம். பாராட்டாங் கரையில் பலகை இறங்கியதும் எல்லா ஓட்டுநர்களின் கையும் சாவிக்குப் போகிறது. அன்றைய இரண்டாவது பரீட்சை அது. முன்னால் நிற்கும் கார் கிளம்பாவிட்டால் பின்னால் இருக்கும் லாரியும் நகராது. பேருந்துக்காரர்கள் கூச்சல் போடுவார்கள், பிறகு நாலைந்து பேர் இறங்கி வந்து தோள் கொடுப்பார்கள். தள்ளுவதற்கு அங்கே தடை எதுவும் இல்லை.